மறுத்தல் வேறு, களைதல் வேறு: சீயமங்கலம் மலையில் ஒரு பழைய பாடம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி ஒன்றை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். கடைசியில் ஒருவரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது, அதனால் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

போன மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையை உறவினர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கிருந்தோ வந்த ஒரு செய்தியை என் தம்பி மகன் குழுவில் போட்டான். மகேந்திரவர்ம பல்லவன் முதலில் சமணனாக இருந்தான், அப்பரால் சைவனாக மாறினான், அதை அவன் கல்வெட்டே சொல்கிறது, பிறகு சமணப் பள்ளிகளை இடித்தான், அத்தோடு தமிழ்நாட்டில் சமணம் முடிந்துபோனது. இதுதான் செய்தி. என் அக்கா மருமகன் அதற்கு "அத்தனையும் பொய்" என்று ஒரே வரியில் பதில் போட்டார். இவன் "அத்தனையும் உண்மை" என்றான். அவர் "கட்டுக்கதை" என்றார். இவன் "உங்களுக்குச் சரித்திரம் தெரியாது" என்றான். ராத்திரி பதினொரு மணி வரை போயிருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தேன், நூறு செய்திக்கு மேல் இருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தேன். முதல் செய்திக்கும் கடைசிச் செய்திக்கும் நடுவில் ஒரு புது விஷயம்கூட இல்லை. குரல் மட்டும்தான் ஏறியிருந்தது.

இப்போது இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. ஆவணியில் வீட்டில் கல்யாணம் வருகிறது.

மறுநாள் தம்பி மகன் போன் செய்தான். "பெரியப்பா, நீங்க சரித்திர வாத்தியாரு. யார் சொல்றது சரின்னு குழுவுல ஒரு வார்த்தை போடுங்க" என்றான். சாயங்காலம் மாப்பிள்ளையும் கூப்பிட்டு "மாமா, நீங்களே சொல்லுங்க" என்றார். இருவரிடமும் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு விஷயம் பிடிபடாமல் அப்படிச் சொல்லவில்லை. இதே விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது, அதனால்தான் உடனே பேச வாய் வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பேசுவதற்குப் பதிலாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பேத்தியை அழைத்துக்கொண்டு சீயமங்கலம் போனேன். அது என் தாய்மாமன் ஊர் என்பது உறவினர்களுக்குத் தெரியும். செஞ்சிக்கு வடக்கே, தேசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்குப் போனால் அந்தப் பாறைகளில்தான் விளையாட்டு. அங்கே பாறையைக் குடைந்து செய்த சிவன் கோயில் ஒன்று உண்டு. சுவாமிக்குத் தூணாண்டார், ஸ்தம்பேசுவரர் என்று பெயர். முன்னால் இருக்கும் மண்டபங்களெல்லாம் பிற்காலத்தில் கட்டியவை. உள்ளே போனால் மகேந்திரவர்மன் குடைந்த குகை இருக்கிறது. அங்கே ஒரு தூணில் கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. லலிதாங்குரன் என்ற அரசன் இந்தக் கோயிலைச் செய்வித்தான், இதன் பெயர் அவனிபாஜன பல்லவேசுவரம் என்பது அதன் செய்தி. லலிதாங்குரன், அவனிபாஜனன் இரண்டும் மகேந்திரவர்மனுடைய பட்டப்பெயர்கள்தான். காலம் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அரைத்தூண் ஒன்றின் மேல்பக்கத்தில் சிவன் ஆடுகிற சின்னச் சிற்பம் இருக்கிறது. தமிழகத்தில் கல்லில் கிடைத்திருக்கும் ஆடல்வல்லான் உருவங்களில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இவ்ளோ சின்னதா இருக்கு" என்றாள். சின்னதுதான். சிதம்பரத்துக்கும் தஞ்சாவூருக்கும் முன்னால் வந்தது.

சிவன் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் அதே ஊர் மலையின் இன்னொரு பக்கம் ஏறினோம். அங்கே பாறையில் பார்சுவநாதர், பாகுபலி, மகாவீரர் உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கங்க மன்னன் இராசமல்லன் பெயர் சொல்லும் சமணக் கல்வெட்டு ஒன்றும் அந்த மலையில் உண்டு. அதில் சக ஆண்டு 815 என்று காலம் குறித்திருக்கிறது. நம் கணக்கில் கி.பி. 892-93.

பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள். "கீழே இருக்குற கோயில் எப்போ தாத்தா?" என்றாள். "சுமார் 620ன்னு வெச்சிக்கோ" என்றேன். மனக்கணக்குப் போட்டாள். "அப்படின்னா இது 270 வருஷம் கழிச்சி வந்திருக்கு. அப்புறம் எப்படி சமணம் முடிஞ்சதுன்னு சித்தப்பா போட்டாரு?"

குழுவில் நூறு செய்தியில் நடக்காத காரியம் அந்த ஒரு கேள்வியில் நடந்துவிட்டது. மாப்பிள்ளை "பொய்" என்றார். பேத்தி அது பொய் என்று காட்டினாள். இந்த இரண்டும் ஒன்றல்ல. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என்னிடம் படித்தவர்களுக்கு ஒன்று நினைவு இருக்கலாம். தமிழய்யா வராத நாளில் நானே தமிழ் வகுப்பும் எடுப்பேன். அப்படி ஒரு நாள் நன்னூல் பாயிரத்தில் எழுவகை மதம் நடத்தினேன். ஒரு நூல் எழுதுகிறவன் அடுத்தவர் கருத்தை எப்படியெல்லாம் எதிர்கொள்ளலாம் என்று பவணந்தி முனிவர் ஏழு வழிகளை வரிசைப்படுத்துகிறார். நீங்கள் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு மறந்திருப்பீர்கள். நானும் ஒப்பிக்க வைத்ததோடு விட்டுவிட்டேன். அந்த ஏழில் முதலாவது உடன்படல். இரண்டாவது மறுத்தல். மூன்றாவது, பிறருடைய மதத்தை முதலில் மேற்கொண்டு பிறகு களைவது. மதம் என்றால் இங்கே கொள்கை, கருத்து.

இரண்டாவதும் மூன்றாவதும் ஏன் தனித்தனி என்று அன்று எந்த மாணவனும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இப்போது தெரிகிறது. மறுப்பதற்கு நம் வாய் மட்டும் போதும். "இல்லை" என்றால் மறுத்தாகிவிட்டது. களைவதற்கு அது போதாது. எதிராளியின் கருத்தை முதலில் நாம் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அது சரி என்று வைத்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். நடந்துபோய், அது முட்டி நிற்கிற இடத்தைக் காட்ட வேண்டும். களை எடுக்கிறவன் வயலுக்குள் இறங்கியாக வேண்டும், வரப்பில் நின்று "இது களை, இது களை" என்று கத்துகிறவனால் ஒரு புல்கூட வராது.

பேத்தி செய்தது அதுதான். சமணம் 7ஆம் நூற்றாண்டோடு முடிந்தது என்பதை ஒரு நிமிடம் ஏற்றுக்கொண்டாள். அப்படியானால் 892இல் இந்த மலையில் சமணக் கல்வெட்டு இருக்கக் கூடாது. இருக்கிறது. எனவே அந்தக் கூற்று நிற்காது. "முழுக்க முடிந்தது" என்று ஒருவர் சொல்லும்போது, முடியாத ஒரே ஒரு இடத்தைக் காட்டினால் போதும். இதற்குச் சாட்சி இன்னும் இருக்கிறது. நன்னூல் செய்த பவணந்தியே சமணர். சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள, மகேந்திரனுக்கு ஏறக்குறைய 600 வருஷம் கழித்து அந்த இலக்கணத்தை எழுதினார். இன்றைக்கும் நம் செஞ்சிப் பக்கத்தில் மேல்சித்தாமூரில் சமண மடம் இருக்கிறது. வந்தவாசி, செஞ்சி வட்டாரத்தில் நயினார் வீடுகள் இருக்கின்றன. உங்களில் சிலரே அந்த வீட்டுப் பிள்ளைகள்.

ஆனால் மாப்பிள்ளை இதைப் படித்துவிட்டு "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று கிளம்பிவிட வேண்டாம். சீயமங்கலம் மலை களைந்தது ஒரே ஒரு கூற்றைத்தான். "முடிந்தது" என்பது போயிற்று. "சமணர்களுக்கு ஒரு துன்பமும் வரவில்லை" என்று அந்தக் கல்வெட்டு எங்கும் சொல்லவில்லை. ஒரு செய்தியில் நாலு கூற்று இருந்தால், ஒன்று விழுந்ததும் மற்ற மூன்றும் தானாக விழுந்துவிடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். "அத்தனையும் பொய்" என்ற ஒற்றை வரிக்குள் அந்த வேலை இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வித்தியாசத்தை நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவன் மகேந்திரவர்மனே. அவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற சிரிப்பு நாடகம் இன்றும் கிடைக்கிறது. கதை காஞ்சிபுரத்தில் நடக்கிறது. சத்தியசோமன் என்ற காபாலிகன் தன் துணைவி தேவசோமையோடு குடித்துவிட்டு வருகிறான். பிச்சை வாங்கும் கபாலத்தைக் காணோம். அதில் வறுத்த கறி இருந்தது, ஆகவே எடுத்தது நாயாக இருக்கும், இல்லாவிட்டால் பௌத்த பிக்குவாக இருக்கும் என்று முடிவு கட்டுகிறான். அந்த வழியாக நாகசேனன் என்ற பிக்கு தன் பாத்திரத்தை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு வருகிறார். பிடித்துக்கொள்கிறான். "நீதான் எடுத்தாய்" என்கிறான். "இல்லை" என்கிறார். "எடுத்தாய்." "இல்லை." நம் வாட்ஸ்அப் குழு மாதிரியேதான். கடைசியில் பிக்கு பாத்திரத்தைக் காட்டுகிறார். நிறமே வேறாக இருக்கிறது. காபாலிகன் அசரவில்லை, நீ நிறத்தை மாற்றிவிட்டாய் என்கிறான். பஞ்சாயத்துக்கு வந்த பாசுபதனாலும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. பிறகு ஒரு பைத்தியக்காரன் வருகிறான். கபாலம் அவன் கையில் இருக்கிறது, ஒரு நாயிடமிருந்து பிடுங்கியது. சண்டை அங்கே முடிந்துவிடுகிறது.

எத்தனை தடவை "இல்லை" என்று சொன்னாலும் முடியாத சண்டை, பொருள் கண்முன் வந்ததும் முடிந்தது. "நிறத்தை மாற்றிவிட்டாய்" என்ற பதிலையும் கவனியுங்கள். எந்தச் சாட்சி வந்தாலும் அதையே தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்கிறவனிடம் எதையும் களைய முடியாது. அவன் கருத்து பலமானது என்பதனால் அல்ல, எந்தச் சாட்சி வந்தால் விட்டுக்கொடுப்பான் என்று அவன் சொல்லவே இல்லை என்பதனால்.

அதே நாடகத்தில் அதே குடிகாரக் காபாலிகன் சமணர்களைப் பற்றி ஒரு வாதம் வைக்கிறான். இது வெறும் மறுப்பு அல்ல, களைவதற்குச் செய்த நல்ல முயற்சி. அவன் சொல்வதன் சாரம் இது: காரியம் காரணத்தைப் போலவே இருக்கும் என்று இவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் உடம்பை வருத்தும் தவத்திலிருந்து பேரின்பம் வரும் என்றும் சொல்கிறார்கள். துன்பத்துக்குப் பிறந்தது துன்பமாகத்தானே இருக்க வேண்டும்? ஆகவே தங்கள் வாயாலேயே தோற்றுப்போகிறார்கள்.

எவ்வளவு சுருக்கமாகப் பிடிக்கிறான் பாருங்கள். வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. எதிராளி சொன்ன இரண்டையும் எடுத்து ஒன்றோடு ஒன்று மோதவிட்டான். வகுப்பில் இதைச் சொன்னபோதெல்லாம் பிள்ளைகள் கைதட்டுவார்கள். நானும் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

அங்கே நிறுத்தியது தப்பு. சமணர்கள் பக்கம் போய்க் கேட்டால் அவர்கள் வேறு சொல்வார்கள். அவர்கள் கொள்கைப்படி இன்பம் உயிரின் இயல்பு. அதைத் தவம் புதிதாக உண்டாக்கவில்லை. உயிரின் மேல் படிந்த வினையைத்தான் தவம் உதிர்க்கிறது. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லே உதிர்ப்புதான். நம் வீட்டுப் பித்தளை அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். புளி போட்டுக் கை வலிக்கத் தேய்த்தால் பளபளக்கிறது. அந்தப் பளபளப்பைப் புளியா கொடுத்தது? அது பித்தளையில் இருந்ததுதான், புளி கறையை எடுத்தது, அவ்வளவுதான். அப்படியானால் துன்பத்திலிருந்து இன்பம் பிறக்கிறது என்று சமணர் சொல்லவே இல்லை. காபாலிகன் ஒரு கருத்தைக் களைந்தான், சரி. ஆனால் அது சமணருடைய கருத்து அல்ல. பக்கத்து வயலில் இறங்கிக் களை எடுத்திருக்கிறான்.

களைய வேண்டுமானால் எதிராளி உண்மையிலேயே என்ன சொல்கிறான் என்று அவன் ஒப்புக்கொள்ளும்படி நம்மால் சொல்ல முடிய வேண்டும். நம் பழைய நூல்கள் சில இதை எவ்வளவு சிரத்தையாகச் செய்தன என்பதற்கு நீலகேசி ஒரு சாட்சி. பௌத்த நூலான குண்டலகேசிக்கு எதிராக எழுந்த சமண நூல் அது. 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் அதைச் சமய திவாகர உரையோடு அச்சிட்டார். இன்று குண்டலகேசி முழுதாக நம்மிடம் இல்லை, கொஞ்சம் பாடல்கள்தான் எஞ்சியிருக்கின்றன. அதன் வாதங்கள் எப்படிப் போயின என்று இப்போது தெரிந்துகொள்ள வேண்டுமானால், அதை எதிர்த்த நீலகேசியையும் அதன் உரையையும்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. எதிர்க்க வந்த நூல், எதிரியின் வார்த்தையைப் பத்திரமாக வைத்திருக்கிறது. குண்டலகேசி பொய் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருந்தால் இதில் எதுவும் மிஞ்சியிருக்காது.

இனி என் கடனுக்கு வருகிறேன்.

எண்பதுகளில் ஒரு வருஷம், ஒன்பதாம் வகுப்பு. பல்லவர் பாடம் நடந்துகொண்டிருந்தது. திருச்சி மலைக்கோட்டையில், தாயுமானவர் கோயிலுக்கு ஏறும் வழியில், மகேந்திரன் குடைந்த குகை இருக்கிறது. அங்கேயும் லலிதாங்குரன் என்ற பெயர்தான். அங்கே கங்காதரர் சிற்பத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள தூண்களில் வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. "அந்தக் கல்வெட்டில், தான் சமணத்தை விட்டுச் சைவத்துக்கு வந்ததை மகேந்திரனே சொல்கிறான்" என்று நான் சொன்னேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். பக்கத்துக் கிராமத்து நயினார் வீட்டுப் பிள்ளை, அதிகம் பேசமாட்டான்.

"சார், அந்தக் கல்வெட்டுல சமணம்னு பேர் இருக்குதா சார்?" என்று கேட்டான்.

நான் அந்தக் கல்வெட்டைப் படித்ததில்லை. பாடக் குறிப்பில் இருந்ததைச் சொன்னேன். "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவில்லை. "புத்தகத்துல இருக்குது, உனக்கு அதைவிட அதிகம் தெரியுமோ?" என்றேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "உங்க ஆளுங்களப் பத்தி சொன்னா ரோஷம் வருதோ? உட்காரு" என்றும் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அந்த வருஷம் முடியும் வரை என் வகுப்பில் அவன் கை தூக்கவில்லை.

நான் அன்று அவன் கேள்வியைக் களையவில்லை. ஒழுங்காக மறுக்கக்கூட இல்லை. கேள்வியை விட்டுவிட்டுக் கேட்டவனைப் பிடித்துக்கொண்டேன். அவன் எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன, கல்வெட்டில் அந்தச் சொல் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

பல வருஷம் கழித்து ஒரு நூலகத்தில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி கைக்குக் கிடைத்தது. ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் பதிப்பித்து 1890இல் வெளிவந்தது. முதல் வேலையாகத் திருச்சிக் கல்வெட்டைத் தேடினேன். இலிங்கத்தை வழிபடும் குணபரன் என்ற அரசன், எதிர்ப்பக்கத்து நடத்தையிலிருந்து திரும்பிய ஞானம், அந்த ஞானம் இந்த இலிங்கத்தால் உலகில் பரவ வேண்டும் என்ற வேண்டுதல். இவ்வளவுதான் அதன் கருத்து. எதிர்ப்பக்கம் என்பதற்கு வடமொழியில் விபட்சம் என்ற சொல் இருக்கிறது. சமணம் என்ற சொல் இல்லை.

இதோடு, அந்தச் செய்யுள் முழுக்கச் சிலேடை என்று ஹுல்ஷ் குறித்திருக்கிறார். இலிங்கம், இலிங்கி, விபட்சம் எல்லாமே தருக்க நூலின் கலைச்சொற்கள். மணிமேகலையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இவை பக்கம், சபக்கம், விபக்கம் என்று தமிழாகி வருகின்றன. எளிய உதாரணம்: மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது. புகைதான் அடையாளம், அதாவது இலிங்கம். அடுப்படியில் புகையும் உண்டு, நெருப்பும் உண்டு. அது சபக்கம், நம் பக்கத்துச் சான்று. குளத்தில் நெருப்பு இல்லை. அது விபக்கம், எதிர்ப்பக்கம். குளத்திலும் புகை வரும் என்றால் புகையை வைத்து நெருப்பை நிரூபிக்க முடியாது. அடையாளம் எதிர்ப்பக்கத்தை விட்டு முழுக்க விலகியிருந்தால்தான் அது நிரூபணம்.

வகுப்பில் நான் செய்த தப்பு இந்த இடத்தில்தான் எனக்குச் சரியாக விளங்கியது. "எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பினான்" என்ற வார்த்தை, மகேந்திரன் சமணனாக இருந்து மாறியிருந்தால் பொருந்தும். வேறொரு சமயத்திலிருந்து மாறியிருந்தாலும் பொருந்தும். எங்கிருந்தும் மாறாமல், தருக்கச் சிலேடைக்காக மட்டும் எழுதியிருந்தாலும் பொருந்தும். புகை அடுப்படியிலும் வருகிறது, குளத்திலும் வருகிறது. அப்படியானால் இந்தக் கல்வெட்டை மட்டும் வைத்து அவன் சமணனாக இருந்தான் என்று நிரூபிக்க முடியாது. அதைச் சொல்லிக்கொடுத்ததே அவன் செய்யுளில் இருக்கும் தருக்கம்தான்.

தம்பி மகனே, உன் செய்தியில் "கல்வெட்டே சொல்கிறது" என்ற பகுதி போயிற்று. மாப்பிள்ளை, நீங்கள் கொஞ்சம் பொறுங்கள். ஒரு கூற்றுக்குக் கொடுத்த சான்று போதாது என்று காட்டுவது ஒன்று, அந்தக் கூற்றே பொய் என்று காட்டுவது இன்னொன்று. அவன் சமணனாக இருந்ததே இல்லை என்று அந்தக் கல்வெட்டு சொல்லவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் ஒரு வரலாறு சொல்கிறார். அப்பரை வருத்திய பல்லவன் பிறகு சைவனாகி, பாடலிபுத்திரத்தில் இருந்த சமணப் பள்ளிகளை இடித்து, திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்பது அது. பாடலிபுத்திரம் என்பது இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர். மகேந்திரனுக்கு 500 வருஷம் கழித்து எழுதியது என்பதால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. அதே சமயம், குணபரன் என்ற பெயர் திருச்சிக் கல்வெட்டில் இருக்கும் அதே பெயர். ஆகவே "கட்டுக்கதை" என்று தூக்கிப்போடவும் முடியாது. அப்பர் முதலில் சமணத்தில் இருந்ததை அவர் பதிகங்களே சொல்கின்றன. அது வேறு விஷயம், அரசன் இருந்தானா என்பது வேறு விஷயம்.

ஆக, என் தீர்ப்பைக் கேட்டீர்களே, இதோ. சமணம் அத்தோடு முடிந்தது என்பது பொய், சீயமங்கலம் மலையே சாட்சி. மகேந்திரன் மாறியதைக் கல்வெட்டே சொல்கிறது என்பது மிகைப்படுத்தியது. அவன் மாறினான், பள்ளிகளை இடித்தான் என்பது சேக்கிழார் தரும் மரபு, கல்வெட்டு அதை உறுதி செய்யவும் இல்லை, தள்ளவும் இல்லை. "அத்தனையும் பொய்" என்பது வெறும் மறுப்பு. இரண்டு பேருக்கும் பாதி மார்க்குதான்.

கல்யாணத்துக்கு வரும்போது இருவருக்கும் ஒரே ஒரு நிபந்தனை. திரும்ப இந்தப் பேச்சை எடுப்பதாக இருந்தால், முதலில் தம்பி மகன் மாப்பிள்ளையின் கருத்தை, அவர் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று தலையாட்டும்படி சொல்ல வேண்டும். பிறகு அவரும் இவனுக்கு அப்படியே செய்ய வேண்டும். அதற்கு அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், நானும் பந்தியில் உட்கார்ந்து கேட்கிறேன். பாதிச் சண்டை அந்த முதல் படியிலேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

கடைசியாக, மூன்றாவது பெஞ்சில் இருந்த அந்தப் பிள்ளைக்கு. பெயர் போடவில்லை, உனக்கே தெரியும். இப்போது உனக்கும் ஐம்பது வயது தாண்டியிருக்கும். உன் வகுப்புத் தோழர்கள் பலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள், யாராவது இதை உன்னிடம் சேர்ப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கல்வெட்டைப் படித்த அன்றே உன்னைத் தேடி வந்திருக்க வேண்டும். ஒரு மாணவனிடம் போய்த் தப்பை ஒப்புக்கொள்ள அப்போது வாத்தியார் கௌரவம் விடவில்லை.

நீ கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில்: இல்லையப்பா, அந்தக் கல்வெட்டில் சமணம் என்ற பெயர் இல்லை. அன்று நான் பேசியது தப்பு. வகுப்பு முன்னால் பேசினேன், அதனால் வகுப்பு முன்னாலேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

நேரம் கிடைத்தால் ஒரு நாள் செஞ்சிக்கு வா. இரண்டு பேரும் சீயமங்கலம் போய்வரலாம். முட்டி வலி இருந்தாலும், மெதுவாக ஏறினால் மலை மேலே போய்விடலாம் என்று பேத்தி எனக்குக் காட்டிவிட்டாள்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்